எங்களுக்கு ஓடுதே

மேஜைக்கு அடியில் ஒயர் முக்கால்வாசி உடம்பை நுழைத்திருந்தபோது, வெளியே அவனுடைய மாமா, அக்கா புருஷன், போனில் யாரிடமோ, "இன்னும் பாடி குடுக்கலீங்க" என்று சொல்வது கேட்டது. நேற்றுவரை 'உங்க அக்கா', 'ஆறாம் பெட் அம்மா' என்றெல்லாம் இருந்தவள் இப்போது பாடி ஆகிவிட்டாள். ஒயர் கேபிளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் மாட்டியிருந்தது, பச்சை விளக்குகூட எரிந்தது.

ஒயர் என்பது அக்கா வைத்த பெயர். ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது அவன் பிழைப்பு. அவள் போன் செய்தால், "டேய் ஒயரு, இன்னிக்கு எந்த டேபிளுக்கு அடியில கிடக்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். சொந்தப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே அவனுக்கு ஞாபகமில்லை.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். விடியும்போது அக்கா போய்விட்டாள். டாக்டர் கையெழுத்தும் போட்டாயிற்று. பில் கவுன்டரிலிருந்து ஒரு சீட்டு அச்சாகி வந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்தச் சீட்டுக்குத்தான் தவம் கிடந்தார்கள். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் புது சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். அது இந்தக் கவுன்டரில் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"கையால எழுதிக் குடுங்களேன் மேடம்" என்று முதலில் கெஞ்சித்தான் பார்த்தான்.

"கையால எழுதினா கேட்ல விடமாட்டாங்க சார். அந்தக் கம்பெனிக்காரருக்குக் காலையிலேர்ந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறார்." கவுன்டர் அம்மா கையை விரித்தாள். "நான் என்ன சார் பண்ணட்டும்?"

அவளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கத்தித் தீர்க்க வேண்டும் போலத்தான் ஒயருக்கும் இருந்தது, தெம்புதான் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்தெழுந்து உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. அதனால்தான், "நான் பாக்கட்டுமா? என் பொழப்பே இதுதான்" என்று கேட்டான். அவள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டுக் கொடுத்தாள்.

அக்காவை ஏற்றிப் போக வந்திருந்த வண்டிக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "சார், இன்னும் கொஞ்ச நேரம்தான் நிப்பேன். அப்புறம் வேற சவாரி இருக்கு."

"இதோ ஆயிடும்ணே" என்றார் மாமா. எதை நம்பிச் சொன்னாரோ. அக்காவின் செருப்பும் கண்ணாடியும் இருந்த பையை மடியில் வைத்து, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரே வரி வந்து வந்து நின்றது: கான்ஃபிக் ஃபைல் கிடைக்கவில்லை. அது ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. நோயாளிகளின் விவரமெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்று நாலு வரியில் சொல்லும் சின்ன ஃபைல். விலாசச் சீட்டு மாதிரி. எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருக்க வேண்டும். திறந்து பார்த்தான், காலியாக இருந்தது.

போட்டவன் என்ன செய்திருப்பான் என்று ஒயருக்குத் தெரியும். ஏதோ ஒரு மெஷினில் தன் பெயரில் லாகின் செய்து போட்டிருப்பான். ஃபைல் பொது இடத்துக்குப் போகாமல் அவனுடைய சொந்த ஃபோல்டரில் போய் விழுந்திருக்கும். அந்த மெஷினில் மட்டும் ஜோராக ஓடியிருக்கும். ஓடுகிறதே என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பான். ஒயரே எத்தனையோ இடத்தில் இதே வேலையைச் செய்துவிட்டு மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். அதனால் அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

"மேடம், நேத்து வந்தவர் எந்த மெஷின்ல உக்காந்தாரு?"

"மருந்துக் கவுன்டர்ல. அங்கதான் ஏசி ஒழுங்கா இருக்கும்."

மருந்துக் கவுன்டர்க்காரர், "எங்களுக்கு ஓடுதே சார்" என்று பெருமையாகச் சொன்னார். பின்னாலேயே வந்துவிட்ட மாமா பரபரத்தார்.

"அப்ப இங்கயே ஒண்ணு அடிச்சுக் குடுங்களேன்."

"இங்க மருந்து பில் மட்டும்தான் மாமா வரும். நீங்க போய் உக்காருங்க."

"உக்காந்து என்னடா பண்ணப் போறேன் மாப்ள" என்றார் மாமா.

நேற்று வந்தவன் தன் லாகினிலிருந்து வெளியேகூட வராமல் போயிருந்தான். ஒயர் அவனுடைய ஃபோல்டரைத் திறந்தான். நினைத்தது போலவே ஃபைல் அங்கே கிடந்தது. எடுத்துப் பொது ஃபோல்டரில் வைத்தான். முன்னால் என்றால் இந்த இடத்தில் ஒரு சந்தோஷம் வரும், யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்கள். இன்று தூக்கம்தான் வந்தது.

திரும்பி வந்து தட்டியதும் சாஃப்ட்வேர் வாயைத் திறந்தது. வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர், "தம்பி, அப்படியே எனக்கும் ஒண்ணு தட்டிவிடுங்க" என்றார்.

"அப்பாடா" என்றாள் கவுன்டர் அம்மா. "நீங்களே உங்க பேஷன்ட்டை எடுங்க சார். நிலைமைன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதை மாத்திட்டு என்டர் குடுத்தா சீட்டு வந்துரும்."

அக்காவின் வரியை எடுத்தான். விவரமெல்லாம் நேற்று சாயங்காலம் ஏற்றியவை. அவளும் நேற்று சாயங்காலம் போலவே அதில் இருந்தாள். ஆறாம் பெட். சிகிச்சையில் இருக்கிறார். நாளை மதியத்துக்குக் காரமில்லாத சாப்பாடு.

கட்டத்தைத் தொட்டான். தேர்ந்தெடுக்கச் சொல்லி மூன்று வரிகள் கீழே இறங்கின. சிகிச்சையில் இருக்கிறார். வீடு திரும்பினார். இறந்தார்.

நடுவில் இருப்பதைத் தட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. அதற்கும் சீட்டு வரும். சாஃப்ட்வேருக்கு என்ன தெரியப்போகிறது. மவுஸ் மேல் இருந்த கை நகரவில்லை.

"என்ன சார், மறுபடியும் மாட்டிக்கிச்சா?"

ஒயர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"நீங்களே பண்ணிடுங்க மேடம். எனக்கு இதுக்குப் பர்மிஷன் இல்ல."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கட்டத்தை மாற்றினாள். அவன் பிரிண்டர் பக்கம் போய் நின்றுகொண்டான். அது கொஞ்சம் முனகிவிட்டு ஒரு தாளைத் தள்ளியது.

"சரியாயிடுச்சா மாப்ள?" என்று மாமா கையை நீட்டினார்.

"ஆயிடுச்சு மாமா."

தாள் சூடாக இருந்தது. ஒயர் அதை உடனே கொடுக்கவில்லை.