இடப்பக்கச் சுற்று

காலை ஒன்பதே முக்காலுக்கு மதிப்பீட்டாளரின் கார் தோட்டக்கலைப் பயிற்சி மையத்து வாசலில் திரும்பியது. வெற்றிச்செல்வி அப்போது நிழல்வலைக் குடிலுக்குள் நின்றிருந்தாள். சத்தம் கேட்டதும் அவள் தன் கன்றுகளைப் பார்க்கவில்லை. பக்கத்து வரிசையைப் பார்த்தாள். அது ஷைனியின் வரிசை. அதில் மூன்றாவது கன்று.

எல்லாக் கன்றுகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கறுப்புப் பையில் நாட்டு மாங்கன்று. அதன் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல ரகத்தின் குச்சியைச் செருகி, இணைப்பில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. அதற்கு மேல், குச்சி ஐஸ் அடைக்கிற நீளக் கவரைக் கவிழ்த்து, அடியில் இன்னொரு நாடாவால் கட்டியிருந்தது. கவருக்குள் ஆவி படிந்து வெளுத்திருந்தது. உள்ளே துளிர்த்திருக்கிறதா கருகியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஆளுக்கு ஐந்து கன்று. நான்கு ஒட்டியிருந்தால் சான்றிதழ்.

“சாமி கும்பிட்டுக்க தங்கச்சி,” என்றார் சாமிதுரை. கல்யாண மண்டபங்களுக்குப் புல்தரை போடுகிறவர். “எங்களுக்கெல்லாம் சாமி நேரா வரும். ஒனக்கு மட்டும் எடப்பக்கமா சுத்திக்கிட்டு வரும்.”

ஷைனி சிரித்தாள். வெற்றிச்செல்வியும் சிரிக்க முயன்றாள்.

அவளுக்கு இடக்கைப் பழக்கம். வகுப்பில் எல்லாரும் நாடாவை வலமாகச் சுற்ற, அவள் கை மட்டும் எதிர்ப்பக்கம் போகும். முதல் நாளே பயிற்றுநர் அறிவழகன் அதைக் கவனித்துவிட்டார். “நீ கோயிலையும் இப்படித்தான் சுத்துவியாம்மா?” என்று கேட்டார். பிறகு இழுத்துப் பார்த்தார். “கட்டு நல்லாத்தான் இருக்கு. மாத்திக்காத.” அன்றிலிருந்து அது அவளுடைய அடையாளமாகிவிட்டது.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் தோட்டத்தில் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையில் வாசலில் மஞ்சள் சீட்டு கொடுப்பார்கள். மாலையில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதில் பெயர் இருக்காது. சான்றிதழ் உள்ளவர்களை மேற்பார்வைக்கு எடுப்பதாக மேஸ்திரி சொன்னார். மேற்பார்வையாளர்களுக்குக் கழுத்தில் அட்டை. படமும் பெயரும் இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பயிற்சியில் சேர்ந்த மறுநாளே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஸ்டுடியோவில் அவள் படம் எடுத்துவிட்டாள். அது இப்போதும் பர்ஸில் இருந்தது.

ஷைனி வரதராஜன்பேட்டையிலிருந்து வந்தாள். ஊர் ரோட்டில் ஒரு துண்டு நிலத்தில் நாற்றங்கால் போடும் எண்ணம். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். “ஒரு தடவதான் பாத்துக்குவேன்னு சொல்லிட்டாங்கக்கா,” என்று சொல்லியிருந்தாள். மதியத்தில் இருவரும் ஒரே மரத்தடியில் டப்பாவைத் திறப்பார்கள். ஷைனியின் டப்பாவில் பெரும்பாலும் மீன் இருக்கும்.

“கவரப் பிரிச்சுப் பாக்கணும்னு கை அரிக்கும்,” என்று அறிவழகன் சொல்லியிருந்தார். “அரிச்சா, போயி பையில மண்ணு ரொப்புங்க. நீங்க பரிச்சை எழுதுறது கன்னுக்குத் தெரியாது. அது சேர்றப்பதான் சேரும்.” பிறகு சிரிக்காமல் சொன்னார். “அடுத்தவங்க கன்னுல எவ கை வச்சாலும், எவன் கை வச்சாலும், அன்னியோட முடிஞ்சுது. நேரா பஸ் ஸ்டாண்டுதான்.”

போன வாரம் ஒரு மதியம், தண்ணீர் பாட்டிலை எடுக்க அவள் குடிலுக்குத் திரும்பி வந்தாள். யாரும் இல்லை. வலைக்கு மேல் வெயில் வெள்ளையாக நின்றது. முந்தின அணியில் பாதிப்பேருடையது கருகிவிட்டது என்று அன்று காலைதான் கேள்விப்பட்டிருந்தாள். கை தன் கன்றின் பக்கம்தான் முதலில் போனது. நின்றது. தன்னுடையதைத் தொட மனம் வரவில்லை. ஷைனியும் அதே நாளில், அதே மரத்துக் குச்சியை வைத்துத்தான் கட்டினாள். அவளுடையது துளிர்த்திருந்தால் தன்னுடையதும் துளிர்த்திருக்கும். மூன்றாவது கன்றின் நாடாவை அவிழ்த்துக் கவரை உயர்த்தினாள். உள்ளே செம்பு நிறத்தில் இரண்டு இலை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. ஓர் இலையின் நுனி கவரில் ஒட்டியிருந்தது. இழுத்தாள். குச்சி இணைப்பில் அசைந்தது.

சத்தம் ஒன்றும் இல்லை. விரலுக்கு மட்டும் தெரிந்தது.

அழுத்திப் பொருத்தினாள். கவரை மாட்டி நாடாவைச் சுற்றினாள். வெளியே யாரோ டப்பா கழுவும் சத்தம். ஓடிப்போய் உட்கார்ந்தாள். ஷைனி ஒரு துண்டு வறுத்த மீனை அவள் மூடியில் வைத்தாள். தின்றாள். மாலையில் பஸ் குன்னத்தைத் தாண்டும்போதுதான், நாடாவை எந்தப் பக்கம் சுற்றினோம் என்று நினைத்துப் பார்த்தாள். மறுநாளிலிருந்து குடிலில் தனியாக நிற்க வாய்க்கவில்லை.

மதிப்பீட்டாளர் சம்பூர்ணம் மேடம் திருச்சியிலிருந்து வந்திருந்தார். குனிந்து பார்க்க வசதியாகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். அதிகம் பேசவில்லை. அவரவர் கன்றை அவரவரே பிரிக்க வேண்டும் என்றார்.

சாமிதுரைக்கு நான்கு ஒட்டியிருந்தது. “புல்லு போடுறவன் கைக்கு மாவும் வருது மேடம்,” என்றார். மேடம் சிரிக்கவில்லை. அறிவழகன் அவரைப் பார்வையால் தள்ளி நிறுத்தினார்.

அடுத்து ஷைனி. முதல் கன்று, செம்பு இலை. இரண்டாவதில் பூஞ்சை, குச்சி கறுத்திருந்தது. ஷைனி உதட்டைக் கடித்தாள். பரவாயில்லை, ஒன்று போகலாம். மூன்றாவதின் நாடாவைப் பிடித்து, வழக்கம்போல் திருப்பினாள். அவிழவில்லை, இறுகியது. மறுபடி திருப்பினாள். இன்னும் இறுகியது. அவள் கை நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினாள். நாடா சுருள் சுருளாகக் கழன்று வந்தது.

இரண்டு இலையும் காய்ந்து கவரில் ஒட்டியிருந்தன. மேடம் குச்சியை இரண்டு விரலால் தொட்டார். கையோடு வந்துவிட்டது.

“ஒட்டு அசஞ்சிருக்கு. கட்டு சரியில்ல.”

“நான் இறுக்கித்தான் கட்டுனேன் மேடம்.”

“எல்லாரும் அதான்மா சொல்றாங்க.”

நான்காவதும் ஐந்தாவதும் துளிர்த்திருந்தன. மேடம் அறிவழகனைப் பார்த்தார். அறிவழகன் தரையைப் பார்த்தார்.

“மூணுதான் இருக்கு. அடுத்த பேட்ச்ல வாங்க.”

“எப்ப மேடம் அது?”

“அறிவிப்பு வரும்.”

ஷைனி தலையை ஆட்டினாள். அழவில்லை. கையில் இருந்த நாடாவை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

இப்போது சொல்லலாம், என்று வெற்றிச்செல்வி நினைத்தாள். மேடம் அவள் பெயரைக் கூப்பிட்டார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். “வரேன் மேடம்” என்றாள்.

அவளுடைய ஐந்தும் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கவரைத் தூக்கும்போதும், இது கருகியிருக்கட்டும் என்று அவளுக்குள் ஏதோ கேட்டது. கருகவில்லை. மேடத்தின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

“அஞ்சும் வந்துருக்கே. எங்க, ஒண்ணு கட்டிக் காட்டுங்க.”

அறிவழகன் ஒரு கன்றையும் குச்சியையும் எடுத்து வந்தார். பிளேடை எடுத்து வெட்டினாள். ஆப்பு மாதிரி சீவினாள். செருகினாள். நாடாவை எடுத்தபோது ஷைனி இரண்டடி முன்னால் வந்து நின்றாள். வெற்றிச்செல்வி நாடாவை வலக்கைக்கு மாற்றினாள். வலமாக ஒரு சுற்று சுற்றினாள். நழுவியது. மறுபடி சுற்றினாள். குச்சி சாய்ந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றார் அறிவழகன். “ஒன் கையிலயே கட்டு. மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“பயப்படுது சார்,” என்றார் சாமிதுரை. “ஏ தங்கச்சி, ஒன் கோயில நீயே சுத்து.”

யாரோ சிரித்தார்கள். நாடா இடக்கைக்கு வந்தது. விரல்கள் தாமாக ஓடின. கீழிருந்து மேலே, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி, இடப்பக்கமாக. முடிச்சை இழுத்து நிமிர்ந்தாள். ஷைனி முடிச்சைப் பார்க்கவில்லை. வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல கை,” என்றார் மேடம். “பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தா ஆபீஸ்ல குடுத்துருங்க.”

குழாயடியில் அவள் கை கழுவினாள். பால் பிசின் போகவில்லை. மண்ணை அள்ளித் தேய்த்தாள். ஆபீஸ் சன்னல் வழியே மேடமும் அறிவழகனும் டீயோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வாசலில் டிரைவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு லாரி சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போனது. அதன் தூசி வேலியைத் தாண்டி வந்து வரிசைக் குரோட்டன்களின் மேல் படிந்தது.

ஷைனி வந்து பக்கத்தில் நின்றாள். தோளில் பை. குழாயை மூடினாள். மடக்கியிருந்த கையைத் திறந்து, நாடாவைத் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் வைத்து, விரலால் நீட்டிவிட்டாள். விரலை எடுத்ததும் அது மெதுவாகச் சுருண்டது. இடப்பக்கமாக.

வெற்றிச்செல்வியின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மேடம் இன்னும் டீ குடிச்சு முடிக்கலக்கா,” என்றாள் ஷைனி. “நீங்க போயிச் சொல்றீங்களா, நான் போயிச் சொல்லட்டுமா?”