மதில் வீட்டுச் சீசர்

புத்தூரிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி இருக்கிற திருநெல்வேலிக்கு வீடு மாறியதில் ஜெயரூபனுக்கு இருந்த ஒரே சந்தோசம் மதில்தான். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல் மதில். எல்லை வேலிக் கதியால் தடிகளைத் தள்ளி நட்டுவிட்டார் என்று பக்கத்து வளவுப் பொன்னம்பலத்தாரோடு இனி மல்லுக்கட்டத் தேவையில்லை. அந்த மனிசனோடு கதை பேச்சு நின்றே பல வருசம். பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டுதான் சாமான் ஏற்றிய லொறியில் முன்னால் ஏறி இருந்தான்.

அந்த வெற்றியை நாய் கெடுத்தது. சீசர் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து சோற்றில் வாய் வைக்கவில்லை. தண்ணீரை மட்டும் நக்கிவிட்டு மதிலோரமாக மோந்து மோந்து நடக்கும்; பழைய வேலியில் இருந்ததுபோல ஒரு பொட்டு, நுழைய ஓர் ஓட்டை, அகப்படாதா என்று. புத்தூரில் அந்தப் பொட்டை ஜெயரூபன் பனைமட்டையால் அடைப்பான். சீசர் முட்டித் திறந்துவிடும். பொன்னம்பலத்தாரின் கோழிகளைக் கலைக்கத்தான் போகிறது என்று அவன் உள்ளுக்குள் மகிழ்ந்தும் இருக்கிறான்.

ஜெயரூபன் லேசுப்பட்ட ஆளா? பல்கலைக்கழகக் கந்தோரில் வேலை; அங்கே எல்லாருக்கும் புத்தி சொல்கிறவன். யூடியூப்பைப் பார்த்து நாயின் பழைய சாக்கை விரித்தான். பழைய வளவு மண்ணை உரப்பையில் அள்ளிவந்து முற்றத்தில் தூவினான். கடைசியில் தானே நிலத்தில் குந்தி, நாயின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் தன் கோப்பையை வைத்து, "இஞ்சை பார், நான் சாப்பிடுறன்" என்று மீன்குழம்புச் சோற்றைத் தின்று காட்டினான். சீசர் ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவனுக்குத்தான் வயிறு நிறைந்தது.

மிருக வைத்தியர் நோய் வருத்தம் ஒன்றுமில்லை என்றார். ஆனால் விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. நாய் கண் முன்னாலேயே செத்துவிடுமோ என்று ஜெயரூபனுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி கீர்த்திகா. "பொன்னம்பலத்தாரைப் போய்க் கேளுங்கோ. அது அவையின்ரை வீட்டிலைதான் திண்டது. நாங்கள் வச்சதைக் காகம் திண்டது. ஊருக்கே தெரியும்."

"பிறகேன் எனக்குத் தெரியாது?"

"உங்களுக்கு ஆர் சொல்லுறது?"

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் புத்தூருக்குப் போனான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் அவர் வீட்டுப் படலை வாசலில் மறந்துபோனது. "சீசர் சாப்பிடுதில்லை," என்று மட்டும் சொன்னான். பொன்னம்பலத்தார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பிட்டுப் பார்சலோடு வந்து பின்னால் ஏறினார். திருநெல்வேலி வரைக்கும் பிட்டுப் பார்சல் இருவருக்கும் நடுவில் வேலிபோல இருந்தது.

அவரைக் கண்டதும் நாய் ஓடிவந்து முழங்காலில் முகத்தைத் தேய்த்து முனகியது. ஜெயரூபனுக்கு நெஞ்சு எரிந்தது, ஆறுதலாகவும் இருந்தது. பொன்னம்பலத்தார் பிட்டைக் குழைத்துக் கோப்பையில் வைத்தார். நாய் தொடாமல் அவர் முகத்தையே பார்த்து நின்றது.

"ஏன் இப்பவும் தின்னுதில்லை?"

அவர் தொண்டையைச் செருமினார். "பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் தின்னும், தம்பி. நான் அப்பிடிப் பழக்கிப்போட்டன்."

"கூப்பிடுறனான்தானே, சீசர் எண்டு."

"அது உம்மடை வீட்டுப் பேர்." பொன்னம்பலத்தார் நிலத்தைப் பார்த்தார். "கதியால் பிரச்சினை நேரம், கோவத்திலை நான் வேறை பேர் வச்சிட்டன்." பிறகு, வேறு வழியில்லாமல், நாயிடம் குனிந்தார். "ஜெயரூபன், வாடா, சாப்பிடு."

நாய் கோப்பைக்குள் தலையை விட்டது. கீர்த்திகா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

கலியாணம் முடித்த நாள் முதல் புருசனின் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. இப்போது காலையும் மாலையும், மதிலுக்கு அப்பால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறாள். "ஜெயரூபன், சாப்பிட வாடா." நாய் பாய்ந்து போய்ச் சாப்பிடுகிறது; கொழுத்தும்விட்டது. ஜெயரூபன் மேசையில் வெறுங்கோப்பையோடு, அடுத்ததாக 'இஞ்சாருங்கோ' வரும் என்று காத்திருக்கிறான்.