ஊரித்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்

ரோஸ் பெல்லில் வீரசாமி வீட்டுக்குப் பெண் கேட்டுப் போன அன்று கோபாலன் ஒரு சபதம் எடுத்திருந்தான்: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்து, உள்ளே கிடக்கும் எலும்புகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது அவன் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் ஒரு வியாதி தொற்றும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளோடு அங்கே வந்த டீச்சர் ருக்மணிக்கு அந்த வியாதி பிடித்துப் போயிற்று. இனி அவள் அப்பா வீரசாமிக்கும் பிடிக்க வேண்டும். அவர் தலையாட்டினால் கல்யாணம். இல்லாவிட்டால் ட்ரியோலேயில் ஒரு பஸ் முதலாளியின் மகன் சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

1967, புரட்டாசி மூன்றாவது வாரம். தேர்தல் முடிந்த அலுப்பில் தீவே படுத்திருந்தது. தமிழர் வீடுகளில் மட்டும் மும்முரம். மாதம் முழுக்க மீன், முட்டை, கறி எதுவும் வாசற்படி ஏறாது. சனிக்கிழமை கோவிந்தன் பூஜை. வீரசாமி வீட்டில் நாற்பது பேருக்கு இலை விழும்.

வீட்டுக்குள் எல்லோரும் பேசுவது கிரியோல். சாமிக்கும் சம்பந்திக்கும் மட்டும் தமிழை எடுப்பார்கள். வீரசாமி தமிழை எடுத்தார்.

"வா தம்பி. இதைப் பாரு." பூஜை அலமாரியிலிருந்து உள்ளங்கையளவு கறுப்புக் கல்லை எடுத்து நீட்டினார். ஓட்டை வழியே உள்ளே சுருள் சுருளாகச் சக்கரம் தெரிந்தது. "சாளக்கிராமம். எங்க முப்பாட்டன் கப்பல்ல கொண்டாந்தது. தினம் குளிப்பாட்டி, அந்தத் தண்ணிய ஒரு கரண்டி குடிச்சாத்தான் எனக்குப் பொழுது விடியும். உங்க மியூசியத்துல இருக்கா, இப்படி ஒண்ணு?"

கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. சபதப்படி பதில் சொல்லியாக வேண்டும்.

"பதினொண்ணு இருக்கு மாமா. இது கடல்ல வாழ்ந்த பிராணி. கல்லாப் போயிடுச்சு. நம்ம ஊரித்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை."

ஊரித் எப்படி இருக்கும் என்று அந்தத் தீவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எட்டுக் கால் கணவாய். கடற்கரைக் கொடிகளில் துவைத்த சட்டை மாதிரி காயும். கறி வைத்தால் தெருவே மோப்பம் பிடிக்கும்.

வீரசாமியின் முகத்தில் விரதமிருந்த மூன்று வாரமும் வரிசையாகக் கடந்து போனது.

"மோ போந்தியே!" தமிழ் பறந்து போய், கடவுள் கிரியோலில் வந்தார். "அப்போ நான் தினம் காலைல ஊரித் ரசமா குடிச்சேன்? விரதத்துல?"

"இது செத்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு மாமா."

"ஊசிப் போன ஊரித் வேற!"

சமையலறை வாசலில் அவர் மனைவி பூங்காவனம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ருக்மணி கோபாலனைப் பார்த்த பார்வையில் பஸ் முதலாளி மகனின் இஸ்திரி போட்ட சட்டை தெரிந்தது. அவன் பயந்து போய், பயந்தால் செய்வதையே செய்தான். இன்னும் பேசினான்.

"ஒண்ணு ரெண்டு இல்ல மாமா, குலமே போச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பேரழிவு வந்து, கடல்ல முக்கால்வாசி உயிர் போயி, இதுல ஒரு கைப்பிடிதான் மிச்சம். அந்தக் கைப்பிடி மறுபடியும் பெருகிக் கடலை நிறைச்சுது. கடைசித் தடவை தப்பல. கரையில இருந்த ராட்சசப் பல்லிகளும் அப்பத்தான் போச்சு. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியாது."

"யாருதான் பிழைச்சா? பலசாலியா?"

"இல்ல மாமா. பெரிய உடம்புக்குப் பெரிய பசி. தீனி நின்னதும் அவங்கதான் முதல்ல. பொந்துல இருந்து கிடைச்சதைத் தின்ன சின்னதுங்கதான் மிச்சம். நம்ம கரும்புத் தோட்டத்துத் தாங் இருக்கே, முள்ளெலி கணக்கா முள்ளு முடியும் நீள மூக்கும் வச்சுக்கிட்டு, அது மாதிரி. இடம் காலியானதும் வெளிய வந்துச்சுங்க. அந்த வழியில வந்தவங்கதான் நாம."

"இப்ப நான் தாங் வம்சமா!"

"மூக்கு அப்படித்தான் இருக்கு," என்றாள் பூங்காவனம். "விரதம்னா தின்னக் கூடாது. சொந்தக்காரங்க வீட்டுக்கு வரக் கூடாதுன்னு எங்க இருக்கு? கல்லைக் குளிப்பாட்டினீங்க. மென்னு தின்னலையே."

வீரசாமி கல்லைக் கையில் உருட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எங்க முப்பாட்டனோட கப்பல்ல குஸ்தி போடறவங்க எட்டுப் பேர் வந்தாங்களாம். காலரா வந்து எட்டும் போச்சு. இவரு நோஞ்சான். கடல் ஒத்துக்காம மூலையில சுருண்டு கிடந்தாரு. எல்லாரும் பீப்பாய்த் தண்ணி குடிச்சாங்க. இவருக்கு வயித்துல நின்னது கொதிச்ச கஞ்சித் தண்ணி மட்டும். இன்னிக்கு அவரு வம்சம் எழுபத்திரண்டு பேர். வீரம்னு ஒண்ணும் கிடையாது." கல்லைத் துளசியோடு பழைய இடத்தில் வைத்தார். "இவங்களும் ரெண்டு தடவை அப்படிப் பிழைச்சவங்களா? சரி. தண்ணிய நிறுத்தப் போறதில்ல."

ருக்மணி மூச்சு விட்டாள்.

"தம்பி, சனிக்கிழமை வா. ஆனா பந்தியில நாற்பது பேர் இருப்பாங்க. வாயைத் திறந்து ஊரித்னு ஒரு வார்த்தை சொன்னே, பொண்ணு ட்ரியோலேக்கு. பேசாம சாப்பிட்டு எழுந்தா, தை மாசம் தாலி."

சனிக்கிழமை கோபாலன் வந்தான். ஏழு வகைக் காய்கறியும் பாயசமும் பரிமாறியாயிற்று. நாற்பது பேரும் முதல் உருண்டையை வாயில் போட்டதும் வீரசாமி எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம சாளக்கிராமம் யாருன்னு தெரியுமா? ஊரித்துக்கு அண்ணன்! யானை சைஸ்! ராட்சசப் பல்லிகளோட பல தடவை சண்டை போட்டு ஜெயிச்சுது. கடைசியில ஒரே நாள், வெள்ளிக்கிழமை, எல்லாம் குளோஸ்!"

யானை சைஸ். வெள்ளிக்கிழமை. கோபாலனின் காது சிவந்தது. எல்லாம் தப்பு. எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த ருக்மணி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"மியூசியத்துக்காரரே, சரிதானே?" என்றார் வீரசாமி.

கோபாலன் பாயசக் கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி, நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு தலையை மட்டும் ஆட்டினான்.