குளியல் தொட்டியில் படுக்கை

இரவெல்லாம் மருத்துவமனையில் கால் கடுக்க நிற்கிற என்னை மாதிரி நர்ஸுக்குப் பகலில்தான் தூக்கம். அந்த நேரம் பார்த்துச் சுவருக்குள்ளிருந்து சம்மட்டி அடி கேட்டால் மனுஷி என்ன செய்வாள்?

இந்தப் பழைய வீட்டை வாங்கிய பிறகு அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் எங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். நிலவறைக் கொதிகலனிலிருந்து நீராவி ஏறி ஒவ்வோர் அறையையும் கதகதப்பாக்க நிறுத்தியிருக்கும் இரும்பு ரேடியேட்டரைச் சூடாக்கும். பிறகு தண்ணீராகி, ஏறிய அதே குழாயில் இறங்கும். கொதிகலன் கிளம்பினால் போதும், டங், டங், டங். அந்தச் சத்தத்தில் செத்தவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. "ஒண்ணு இந்த நீராவி போகணும், இல்லன்னா நான் போறேன். தங்கச்சிகிட்ட ரூம் கேட்டாச்சு," என்றேன் என் கணவன் செஸ்டரிடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வெந்நீர் முறைக்கு மாற்றினால் சத்தம் இருக்காது. ஆனால் ஒவ்வோர் அறைக்கும் இன்னொரு குழாய் வேண்டும், சுவரை உடைக்க வேண்டும், ரேடியேட்டர்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போகும். கோடை முழுக்க மண்டியிட்டு அந்த வீட்டின் மரத்தரையை இழைத்தவன் செஸ்டர். குனிந்து அந்தத் தரையை ஒருமுறை தடவினான்.

"வெந்நீரே போட்டுடலாம். செவுரு ஒடைஞ்சா பூசிக்கலாம். நீ போயிட்டா நான் என்னத்தப் பூசறது?"

ஒப்பந்தக்காரருக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். திங்களன்று சுவரை உடைப்பார்கள். அதுவரை நான் குளியல் தொட்டியில் மெத்தை விரித்துப் படுத்தேன். வீட்டிலேயே சத்தம் வராத அறை அது ஒன்றுதான்.

வெள்ளி காலை தொட்டிக்குள் ஒருக்களித்துக் கிடந்தபோது பார்த்தேன். குளியலறை ரேடியேட்டர் கோணலாக நின்றது. குழாய் இருந்த பக்கம் தாழ்ந்து, மறுபக்கக் கால்களுக்கடியில் மரச்சில்லு செருகியிருந்தது. எழுந்து மற்ற அறைகளுக்குள் போய்ப் பார்த்தேன். எல்லாம் அணிவகுப்புச் சிப்பாய்கள் மாதிரி நேராக நின்றன.

செஸ்டர் சமையலறையில் ரை ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தான்.

"பாத்ரூம் ரேடியேட்டர் மட்டும் ஏன் கோணலா நிக்குது?"

"அங்க டைல்ஸ் தரை, இழைக்கற வேலையே இல்ல. அதான் தொடாம விட்டுட்டேன்."

"மத்தது?"

"மத்ததெல்லாம் தரை இழைக்கக் கழட்டி, திரும்ப ரசமட்டம் வெச்சு நிறுத்தினது!" அவனுக்கு ஒரே பெருமை. கார் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தும் அச்சுகள் செய்கிறவன், மயிரிழை கோணலைக்கூடத் தாங்கமாட்டான். "எவனோ சோம்பேறி ஒரு பக்கக் காலுக்கடியில மரத்துண்டு சொருகி வெச்சிருந்தான். அத்தனையும் குப்பைல போட்டேன்."

"ஆவி தண்ணியாகி எந்தப் பக்கம் எறங்கணும், மகாராசா?"

"குழாய்ப் பக்..." மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "ஐயோ இரேனா! தண்ணி உள்ளயே தேங்கி நிக்குது. அதுலதான் ஆவி போய் மோதுது!"

தட்டை அப்படியே விட்டு எழுந்தான். பெயிண்ட் கலக்கும் குச்சிகளை வெட்டி, கடப்பாரையால் படுக்கையறை ரேடியேட்டரை நெம்பினான். நான் சில்லைச் செருகினேன். சூட்டைக் கூட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஸ்ஸ் என்று மெல்ல மூச்சு விட்டது, அவ்வளவுதான்.

"கேக்குதா?" என்றான்.

"ஒண்ணும் கேக்கல."

"அதத்தான்டி கேக்கறேன்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ஓடிப்போய் ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றான். பிறகு கடப்பாரையோடு அடுத்த அறைக்குப் போனான். நான் என் சொந்தக் கட்டிலில், காலை நீட்டி, கட்டை மாதிரி தூங்கினேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள்.

"இரேனா, தூங்கறியா? சத்தம் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு. ஒன் சத்தம்தான்."

அசடு வழிந்தபடி திரும்பியவனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தங்கச்சிக்குப் போன் போட்டு சொல்லிடு," என்றேன். "நான் வரல."