புரொக்டர் என்ற சொல்லுக்குக் குலம் விசாரித்தது

1
எங்கள் குடும்பத்தில் எவரும் கதை எழுதியதில்லை. இந்தக் கதை ஒரு கலியாணப் பேச்சில் பிறந்தது. எழுபத்து நான்காம் ஆண்டு, கண்டியில், என் தமையனார் வீரசிங்கத்தின் வீட்டில். அந்த ஆண்டுதான் சட்டம் மாறி, புரொக்டர்கள் என்ற பழைய வகை வழக்கறிஞர்கள் எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். புரொக்டரான தமையனார் மட்டும் ஆகவில்லை. 'புரொக்டர்' என்ற பெயர்ப்பலகையை முன்னிலும் அழுத்தித் துடைத்தார்.

('மகாவலியின் மேல் பனிமூட்டம்…' என்றுதான் முதலில் தொடங்கினேன். பனிக்கு இக்கதையில் வேலையில்லை. அடித்துவிட்டேன்.)

2
தமையனாரின் மகள் சந்திரிகா விரும்பியவர் நாவலப்பிட்டியில் ஆசிரியர். வழக்கப்படி மூன்று தலைமுறை விசாரித்தோம். அவருடைய பாட்டனார் கதிர்காம யாத்திரிகருக்குச் சோறு போட, கடை கடையாக அரிசி கேட்டு அலைந்தவராம்.

"பிச்சை எடுத்தவன்ரை வீட்டுக்குப் புரொக்டர் வீட்டுப் பொம்பிளையோ? புரொக்டர் எண்ட சொல்லின்ரை குலம் தெரியுமோ? றோமாபுரி!" என்றார் தமையனார்.

"அதையும் ஒருக்கா விசாரியுங்கோவன். மாப்பிள்ளைக்கு ஒரு நீதி, சொல்லுக்கு ஒரு நீதியோ?" என்றாள் அவர் மனைவி, என் மச்சாள் வடிவம்மா.

தமையனார் என்னையும் இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார்.

3
(இனிச் சற்றுக் கட்டுரை. பொறுத்தருள்க.)

தடித்த ஆங்கில அகராதியைத் திறந்தோம். இலத்தீனில் 'புரொக்குராத்தோர்': பிறர் காரியம் பார்ப்பவர். தமையனார் நிமிர்ந்தார். ஆங்கிலேயர் நாக்கில் அது தேய்ந்து புரொக்டர் ஆயிற்று. இன்னும் நிமிர்ந்தார். அடுத்த வரியை நான் வாசித்தேன். ஒருகாலத்தில் இங்கிலாந்தில், தொழுநோயாளருக்காக ஊரிலே போய்ப்…

[பிச்சை என்று எழுதினேன். குடும்ப மானம் கருதி 'நன்கொடை' ஆக்கினேன். அதையும் அடித்தேன். பிச்சைதான்.]

…பிச்சை கேட்டவருக்கும் புரொக்டர் என்றே பெயர்.

"அகராதியை மூடு," என்றார் தமையனார்.

4
இரண்டு முடிவுகள் யோசித்தேன். ஒன்றில் அவர் சிரித்துச் சம்மதிக்கிறார். பொய், அவர் சிரித்து நான் கண்டதில்லை. மற்றதில் மறுக்கிறார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இது. மச்சாள் வாசலிலேயே மறித்தாள்.

"என்னவாம், நல்ல இடமோ?"

"நல்ல இடந்தான். முன்னோர் மட்டும் கொஞ்சம்… தருமத்துக்குக் கேட்டு அலைஞ்ச ஆக்கள்," என்றேன் நான்.

"அப்ப ரெண்டு பகுதியும் நல்ல பொருத்தம்!"

கதவுக்குப் பின்னால் சந்திரிகா நின்றாள். தமையனார் முதுகு வளையாமல் கதிரையில் அமர்ந்து, தொண்டையைச் செருமி, ஒரு சொல் சொன்னார்.

சம்மதமோ மறுப்போ, அது எங்கள் வீட்டுச் சொல், அச்சில் வராது. அந்தக் கதிரையில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? சொல்லுங்கள். பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.