எழுபது கிலோ மணிவேல்

நகரி விசைத்தறி கபடி அணியின் மணிவேலுக்கு மூச்சு நீளம். புத்தூரில் ஒருமுறை அவன் ‘கபடி கபடி’ என்று பாடத் தொடங்கியபோது எதிரணிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோதும் பாடிக்கொண்டிருந்தான். நம்பாதவர்கள் டீக்கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் காலமாகிவிட்டார், அது ஒன்றுதான் குறை.

இருபது வருடம் அந்த அணியில்தான் இருந்தான். இப்போது முட்டி தேய்ந்து, தொப்பையும் எட்டிப் பார்த்தது. அணிக்குச் செலவு செய்யும் நூல் வியாபாரி சந்துரு, சத்தியவேட்டிலிருந்து அருள்குமார் என்ற பையனைக் கொண்டுவந்தான்.

“அண்ணே, திருப்பதி டோர்னமென்ட்டுல எழுபது கிலோதான் லிமிட். மெஷின் ஒத்துக்கினா நீ இருப்ப. இல்லன்னா உன் எடத்துல இவன், இனிமே எப்பவும்” என்றான் சந்துரு.

மணிவேல் எழுபத்துமூன்று கிலோ. சோற்றை விட்டான். பிறகு தண்ணீரையும் விட்டான்.

“தண்ணியாச்சும் குடிய்யா” என்று அழுதாள் இந்திராணி, அவன் மனைவி.

“தண்ணிக்கும் எடை இருக்குது மே.”

போட்டிக்கு முந்தின நாள், வியர்வை கொட்டட்டும் என்று திருமலைக்கு நடந்தே ஏறினான். அதே அணியில் ஆடும் நான் பஸ்ஸில் போய் அவனுக்குத் துணையாக மேலே காத்திருந்தேன். மொட்டை போட்டால் ஒரு கிலோ குறையும் என்பது அவன் கணக்கு. விழுந்த முடியை அள்ளிக் கையில் தூக்கிப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

தரிசன வரிசையில் பொங்கல் கொடுத்தார்கள். பெருமாள் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வழித்துத் தின்றான்.

மறுநாள் மைதானத்தில் மெஷின் முந்நூறு கிராம் கூடக் காட்டியது.

“சாமியே உன்ன வெளிய தள்ளிட்டாரு போ” என்று சிரித்தான் சந்துரு. ஒரு மணி நேரம் அவகாசம் இருந்தது. அருள்குமார்தான் தன் பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

“இத்த மாட்டிக்கினு ஓடுண்ணே. வேர்க்கும்.”

உச்சி வெயிலில் மழைக்கோட்டோடு ஓடினான் மணிவேல். எச்சில் துப்பப் பார்த்தான். வாயில் எச்சில் இல்லை. கடைசியில் மெஷின் எழுபதில் நின்றது. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

முதல் ரெய்டுக்கு அவனையே அனுப்பினார்கள். கோட்டைத் தாண்டி இரண்டு தரம் ‘கபடி’ என்றான். மூன்றாவது வரவில்லை. யாரும் தொடாமலே குப்புற விழுந்தான். மூச்சு விட்டால் அவுட் என்பது சட்டம்; நடுவர் விசில் ஊதினார்.

ஆஸ்பத்திரியில், கிட்னி இரண்டும் நின்றுவிட்டதாக டாக்டர் தெலுங்கில் சொன்னார். இந்திராணி தமிழிலும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். தமிழிலும் அதேதான் இருந்தது.

மணிவேல் கண் திறந்து சந்துருவைத் தேடினான்.

“நான் டீம்ல இருக்கறனாப்பா?”

“இருக்கண்ணே. எடை சரியா வந்துடுச்சே” என்றான் சந்துரு.

வெளியே பெஞ்சில் அருள்குமார் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். சந்துரு அவன் பக்கத்தில் போய் நின்றான்.

“இனிமே நீதான்டா. காலைல மறுபடி எடை பாப்பாங்க.”

பையன் அறுபத்தொன்பதரை. சற்று நேரம் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொட்டலத்தைத் திரும்ப மடித்தான்.