ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு

மணி அலறியது.

சுவரில் பதித்திருந்த சிவப்பு மணி அது. பதினான்கு மேசைகளிலும் பதினான்கு தலைகள் நிமிர்ந்தன. காதில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்றாமலே, யார் அமுக்கியது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காவது மேசைக்காரியின் விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது.

அந்த அறையின் வேலை கேள்வி கேட்பதுதான். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, பிழைத்து வீடு திரும்பிய முந்நூறு பேர் பட்டியலில் இருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அச்சடித்த ஒன்பது கேள்விகளை வாசித்து, பதிலுக்கு ஏற்றபடி கட்டத்தில் குறியிட வேண்டும். இப்படிக் கூப்பிடுவதால் மறுபடியும் அந்த எண்ணம் வராமல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. கூப்பிடுகிற பெண்களுக்கு எதிர்முனை ஆளின் பெயரோ விலாசமோ தெரியாது. நம்பர் மட்டும்தான். மற்றதெல்லாம் பக்கத்து அறையில், மனநல நிபுணரான மேடத்தின் இரும்பு அலமாரியில் இருந்தது. சாவி மேடத்தின் கைப்பையில்.

ஒன்பதாவது கேள்வி, சாகலாம் என்று தோன்றியதா என்பது. ஆமாம் என்று பதில் வந்தால் மணியை அமுக்கிவிட்டு, "கொஞ்சம் இருங்க, டாக்டர் பேசுவாங்க" என்று சொல்ல வேண்டும். மேடம் ஓடிவந்து ஹெட்செட்டை வாங்கிக்கொள்வார். நடுவில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசக்கூடாது. போன மாதம் ஏழாவது மேசைக்காரி, அழுத ஒரு பெரியவரிடம் "கவலைப்படாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அந்த மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆளாளுக்குச் சொந்தமாக ஆறுதல் சொன்னால் எது குணப்படுத்தியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மணி அடித்து அரை நிமிஷம் ஆகியும் பக்கத்து அறைக் கதவு திறக்கவில்லை. ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பவர்கள் வந்திருந்தார்கள். மேடம் எதிர்க் கட்டடத்தில், மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் இருந்தார். உள்ளே போகும்போதே எல்லாருடைய செல்போனையும் ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது மேசைக்காரி எழுதிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் பட்டியலில் இருநூற்றுப் பதினெட்டாம் நம்பர். பத்து வாரமாக ஒழுங்காகப் பதில் சொல்லி வந்த மனிதர்.

"டாக்டரெல்லாம் வேணாம்மா," என்றார் அவர். குரலில் நடுக்கமே இல்லை. "நீ வாராவாரம் மெனக்கெட்டுக் கூப்பிடுறியே, சொல்லாமப் போகக் கூடாதுன்னுதான் எடுத்தேன். அடுத்த வாரம் கூப்பிடாத."

ஐந்தாவது மேசையில் இருந்தவளை எல்லாரும் எக்ஸ்பிரஸ் என்பார்கள். ஒன்பது கேள்வியையும் மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுவாள். அவள் ஹெட்செட்டை வீசிவிட்டு, மேடத்தைக் கூட்டிவரச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

நான்காவது மேசைக்காரி நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். இங்கே வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் போனில் இன்ஷூரன்ஸ் விற்றவள் அவள். கெஞ்சினால் வாடிக்கையாளர் வைத்துவிடுவார். அவருடைய விவரத்தைத் தப்பாகச் சொன்னால், திருத்துவதற்காகவாவது லைனில் இருப்பார். அந்தத் தொழில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அதுதான்.

"ஐயா, ஒரு சின்ன உதவி," என்றாள். "கம்ப்யூட்டர் நின்னு போச்சு. நீங்க சொன்னது எல்லாம் அழிஞ்சுடுச்சு. முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லிடுங்க. இல்லன்னா என்னைத்தான் திட்டுவாங்க."

கம்ப்யூட்டர் அவள் முன்னால் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"சரி, சீக்கிரம் கேளு."

"வயசு அறுபத்திரண்டு."

"நாப்பத்தொண்ணும்மா."

"தொழில், தையல்காரர்."

"தையல்காரனா? யாரு எழுதினது அப்படி? நான் தையல் மிஷின் மெக்கானிக்."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?"

"ஒண்ணா?" குரல் முதல்முறையாக உயர்ந்தது. "பஸ் ஓட்டுறவனும் பஸ் ரிப்பேர் பாக்குறவனும் ஒண்ணா? நானூறு மிஷின் ஓடுற கம்பெனிம்மா. சத்தத்தை வெச்சே எந்த வரிசையில எந்த மிஷின் மக்கர் பண்ணுதுன்னு சொல்லுவேன்."

மீதிப் பன்னிரண்டு பெண்களில் ஒருத்திகூட அடுத்த நம்பரை அழைக்கவில்லை. அவரவர் மேசையிலிருந்து எழுந்து நான்காவது மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். இன்னொருத்தி காகிதத்தில் 'பட்டன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினாள். நான்காவது மேசைக்காரி தலையாட்டிவிட்டு, பட்டன் தைக்கிற மிஷினும் பட்டனுக்கு ஓட்டை போடுகிற மிஷினும் ஒன்றே என்று அடித்துப் பேசினாள். அவர் கோபப்பட்டு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊசியிலிருந்து ஆரம்பித்து விளக்கினார். புது மிஷின் வந்தபோது அதைப் பழுது பார்க்க அதை விற்றவர்களே ஆள் அனுப்பியதையும், பதினேழு வருஷம் வேலை பார்த்தவரைக் கதவருகே நிறுத்தி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டதையும் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் மிஷின் சத்தமே இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்றார்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "வீட்டில் எட்டுப் பேர்" என்று வாசித்தாள்.

அவர் சிரித்தேவிட்டார். "எட்டுப் பேர் இருந்தா நான் எங்கேம்மா படுக்கிறது? நானும் என் சம்சாரமும்தான். அவ வேலைக்குப் போயிருக்கா."

கடிகாரத்தில் பதினெட்டு நிமிஷம் ஓடியிருந்தது. எக்ஸ்பிரஸைக் கூட்ட அறை வாசலில் காவலாளி மறித்தது இவர்களுக்குத் தெரியாது. அனுமதிச் சீட்டு எங்கே என்று அவர் கேட்டாராம். அவள் பேசிப் பார்த்து, பிறகு அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே பாய்ந்து, கோட்டு போட்டவர்கள் நடுவில் "மேடம், மணி" என்று இரண்டே வார்த்தை கத்தியிருக்கிறாள். மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் தண்ணீர் பாட்டில்கள் உருண்டனவாம்.

இருபத்து மூன்றாவது நிமிஷம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. பெண்கள் வழிவிட்டார்கள். மேடத்துக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, நான் எல்லாத்தையும் தப்பாவே எழுதறேன்னு டாக்டரே வந்துட்டாங்க," என்றாள் நான்காவது மேசைக்காரி. "அவங்ககிட்ட நீங்களே ஒரு தடவை சரியாச் சொல்லிடுங்க. வெச்சிடாதீங்க."

"நீ மொதல்ல மிஷின் பேரெல்லாம் கத்துக்க," என்றார் அவர். "சரி, குடு."

மேடம் பேசிக்கொண்டே இடது கையால் அலமாரிச் சாவியை நீட்டினார். எக்ஸ்பிரஸ் விலாசத்தை எடுத்துக் கீழே டிரைவரிடம் ஓடினாள். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் ஜீப்பில் ஏறினார். வழியிலேயே அந்த மனிதரின் மனைவி வேலை செய்யும் இடத்தில் நிறுத்தி அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். நாற்பது நிமிஷம் கழித்து, எதிர்முனையில் கதவு தட்டுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெண் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுகிற சத்தமும் ஹெட்செட்டில் கேட்டதாக மேடம் சொன்னபோது, அந்த அறையில் கைதட்டல் எழுந்தது. யாரோ விசில்கூட அடித்தார்கள். மேடம் நான்காவது மேசைக்காரியின் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டிவிட்டு, வேறொரு வண்டியில் அவர் வீட்டுக்கே கிளம்பிப் போனார்.

எக்ஸ்பிரஸ் காவலாளியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான்காவது மேசைக்காரியும் சிரித்தாள். தையல்காரர் என்றதும் அவர் எப்படி எகிறினார் என்று மறுபடி மறுபடி சொன்னாள்.

ஒருங்கிணைப்பாளர் உள்ளே வந்தார். கையில் மூன்று பக்கத் தாள். குரலை உயர்த்தாமல் அவளை உட்காரச் சொன்னார். விதிமீறல் அறிக்கை அது. அச்சடித்த ஒன்பதுக்கு மேல் கேள்வி கேட்டது, பங்கேற்பவரிடம் பொய் சொன்னது, எழுதிக்கொடுக்காததைப் பேசியது என்று மூன்று கட்டங்களில் ஏற்கெனவே குறியிட்டிருந்தது. தனிப்பட்ட முறையில் அவருக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லையாம். நிதி கொடுப்பவர்கள் இன்றைக்கே கிளம்புகிறார்கள், அதற்குள் கையெழுத்து வேண்டுமாம்.

சிரிப்பு நின்றது. அவள் மேடம் போன வழியைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஹெட்செட்டின் வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

"அவரை அடுத்த வாரம் யாரு சார் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் செல்போன் ஒலித்தது. கூட்டம் முடிந்த கையோடு நிதி கொடுப்பவர்களின் தலைவர் கூப்பிட்டார். ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"கவலையே வேணாம் சார். அந்த நம்பரையும் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு, பொண்ணையும் எடுத்தாச்சு. இப்ப எல்லாம் சுத்தமா இருக்கு."